இடம் கொடுத்த ஊருக்கு எத்தனை இடம்?

2024 டிசம்பர் 6ஆம் தேதி மத்திய அமைச்சரவை 85 புதிய கேந்திரிய வித்யாலயாக்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜம்மு-காஷ்மீருக்கு 13, மத்தியப் பிரதேசத்துக்கு 11 என்று பங்கிட்ட அந்தப் பட்டியலில் தலைநகர் தில்லிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் அமைச்சர்களும் அதிகாரிகளும் வசிக்கும் பக்கம் இல்லை. யமுனையைக் கடந்து, வசீராபாத் பாலம் முடியும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் கஜூரி காஸ்.

தில்லியில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் இந்தப் பெயரைப் பேருந்துப் பலகையில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். இந்த வட்டாரம் அடங்கிய வடகிழக்கு தில்லி, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே மிக நெரிசலான மாவட்டம். சதுர கிலோமீட்டருக்கு 36,000க்கும் மேற்பட்டவர்கள். சந்துக்குள் சந்து, ஒரு மாடியின்மேல் இன்னொரு மாடி, கீழே தையல் கூடம், மேலே குடித்தனம். கூலி வேலை, தள்ளுவண்டி, பட்டறை என்று பிழைப்பவர்கள் ஏராளம்.

பள்ளிக்கூட நெரிசல் இங்கே வெறும் புள்ளிவிவரம் அல்ல. 2009 செப்டம்பர் 10ஆம் தேதி காலை, கஜூரி காஸ் அரசுப் பள்ளியில் தேர்வெழுத வந்த பிள்ளைகள் குறுகலான மாடிப்படியில் ஏறவும் இறங்கவும் ஒரே நேரத்தில் முண்டியடித்தார்கள். மழை பெய்து வளாகத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. நெரிசலில் சிக்கி ஐந்து மாணவிகள் இறந்தார்கள். விசாரணை நடந்தது, நிவாரணம் அறிவிக்கப்பட்டது, பிறகு செய்தி மறைந்தது. பிள்ளைகள் மட்டும் குறையவில்லை.

அந்த வட்டாரத்துக்குத்தான் கேந்திரிய வித்யாலயா வருகிறது. பெற்றோர்கள் மகிழ்ச்சி அடைந்தால் அதில் ஆச்சரியமில்லை. பள்ளி முழுமையாக வளர்ந்ததும் 960 மாணவர்கள் படிப்பார்கள் என்பது அமைச்சரவையின் கணக்கு. அந்த 960 பேரில் கஜூரி காஸ் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கைத்தான் யாரும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கேந்திரிய வித்யாலயா, அது நிற்கும் ஊருக்காக உண்டாக்கப்பட்ட பள்ளி அல்ல.

இரண்டாவது மத்திய ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று 1962 நவம்பரில் இந்தத் திட்டத்துக்கு அரசு சம்மதித்தது. ராணுவ ரெஜிமென்ட்டுகள் நடத்திக்கொண்டிருந்த 20 பள்ளிகளை 1963-64இல் எடுத்துக்கொண்டு தொடங்கினார்கள். 1965 டிசம்பரில் கேந்திரிய வித்யாலயா சங்கதன் பதிவாயிற்று. நோக்கம் தெளிவானது: ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் ராணுவத்தினர், மத்திய அரசு ஊழியர் ஆகியோரின் பிள்ளைகள் படிப்பு கெடக் கூடாது. ஜபல்பூரில் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை செகந்திராபாத்துக்குப் போனாலும் அதே பாடம், அதே புத்தகம். மாற்றல் சான்றிதழைக் காட்டினால் இடம். இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் கணிசமானோர் அப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பார்கள், அல்லது தாங்களே அப்படிப் படித்து வந்திருப்பார்கள். தமிழ் எழுதத் தெரியாமல் போனதுதான் மிச்சம் என்று அவர்களில் சிலர் குறைபட்டுக்கொள்வது வேறு கதை.

ஆக, வரிசையில் யார் முன்னால் நிற்க வேண்டும் என்பது அன்றே தீர்மானமாகிவிட்டது. இன்றும் பொதுவான கேந்திரிய வித்யாலயாக்களில் முதல் இடம் மத்திய அரசு ஊழியர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும். இரண்டாவது, மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள், தன்னாட்சி அமைப்புகள். மூன்றாவது, மாநில அரசு ஊழியர். நான்காவது, மாநிலப் பொதுத்துறை. ஐந்தாவதாக 'மற்றவர்கள்'. ஒரே படியில் இருவர் நின்றால், கடந்த ஏழு ஆண்டுகளில் யாருக்கு அதிக மாற்றல் என்று பார்ப்பார்கள். தையல்காரருக்கு மாற்றல் ஏது? கட்டட வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்து ஏழு ஆண்டில் ஏழு வீடு மாறியவரின் இடப்பெயர்ச்சி இந்தக் கணக்கில் சேராது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதில் ஒரு ஜன்னலைத் திறந்தது. கேந்திரிய வித்யாலயா உட்பட, முதல் வகுப்பில் கால் பங்கு இடம் அக்கம்பக்கத்தில் வசிக்கும் நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கியோருக்கும் என்றது. கேந்திரிய வித்யாலயாக்களில் அந்த இடங்களைக் குலுக்கல் முறையில் நிரப்புகிறார்கள். கட்டணமும் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கஜூரி காஸுக்கு இந்த ஜன்னல் எவ்வளவு அகலம் என்று அளந்து பார்க்கலாம்.

960 பேரைப் பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பிரித்தால் வகுப்புக்கு 80. அதில் கால் பங்கு 20. பெரிய நகரங்களில் 'அக்கம்பக்கம்' என்பதற்கு கேந்திரிய வித்யாலயா விதி கொடுக்கும் பொருள் 5 கிலோமீட்டர் சுற்றளவு. சிற்றூர்களில் 8 கிலோமீட்டர். பள்ளியை மையமாக வைத்து 5 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் அதன் பரப்பு 78 சதுர கிலோமீட்டர் வரும். வடகிழக்கு தில்லி மாவட்டம் முழுவதுமே ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கில் அங்கே 22 லட்சம் பேர் இருந்தார்கள். வட்டத்தின் ஒரு பகுதி ஆற்றிலும் அக்கரையிலும் விழும் என்று கழித்துவிட்டாலும், 20 இடங்களுக்குக் குலுக்கலில் சீட்டுப் போடப்போகும் குடும்பங்களின் எண்ணிக்கையை ஊகிப்பது கடினமல்ல.

தொடக்கத்தில் இந்த 20கூட இல்லை. புதிய கேந்திரிய வித்யாலயா வழக்கமாக ஒன்று முதல் ஐந்து வரை, வகுப்புக்கு ஒரே பிரிவாகத்தான் திறக்கும். கால் பங்கு விதி நுழைவு வகுப்பான முதல் வகுப்புக்கு மட்டும். இரண்டு முதல் ஐந்து வரையிலான நான்கு வகுப்புகளும் அந்த ஆண்டு புதிதாகத்தான் நிரம்புகின்றன என்றாலும், அங்கே முன்னுரிமை வரிசையே முழு ஆட்சி செய்யும். பிரிவுக்கு 40 என்று வைத்தால், முதல் ஆண்டு 200 பிள்ளைகளில் ஏழை அண்டைவீட்டுப் பிள்ளை பத்துப் பேர்.

மீதி இடங்களில் 'மற்றவர்கள்' நுழைய முடியாதா? முடியும், ஊரைப் பொறுத்து. மத்திய அரசு அலுவலகம் என்று சொல்லத் தபால் நிலையமும் ஒரு வங்கிக் கிளையும் மட்டுமே இருக்கும் மலை மாவட்டங்களில் ஐந்தாவது படி வரை இடம் இறங்கி வருவது உண்டு. விவசாயி மகளும் கடைக்காரர் மகனும் அங்கே சேர்ந்து படிக்கிறார்கள். அரசும் இதை உணர்ந்திருக்கிறது போலிருக்கிறது. 2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற அடுத்த 57 பள்ளிகளில் 14 பள்ளிகள் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆனால் தில்லி அப்படிப்பட்ட ஊர் அல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கு அங்கே பஞ்சமே கிடையாது. கஜூரி காஸிலேயே அவர்கள் வசிக்க வேண்டும் என்பதும் இல்லை. முன்னுரிமை வரிசையில் முந்தி நிற்க அலுவலக முத்திரை போதும்.

இதைச் சொல்வதால், மாற்றலாகிப் போகிறவர்களின் முன்னுரிமையைப் பறிக்க வேண்டும் என்று ஆகாது. எல்லையில் தகப்பன் நிற்கும்போது பிள்ளைக்குப் பள்ளி தேடி அலையும் தாயின் கஷ்டம் உண்மையான கஷ்டம். ரயில்வேயில், கணக்குத் தணிக்கைத் துறையில், துணை ராணுவத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. கேந்திரிய வித்யாலயா இல்லாவிட்டால் ஷில்லாங்கில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஆண்டு நடுவில் எந்தப் பள்ளியின் கதவைத் தட்டும்? 1962ஆம் ஆண்டு நியாயம் இன்றும் நியாயம்தான். கேள்வி, அந்த நியாயத்தின் எல்லை எது என்பது. ஒரே நகரத்தில் இருபது ஆண்டாக ஒரே நாற்காலியில் இருக்கும் ஊழியருக்கும் இதே முதல் படி உண்டு. மாற்றல் எண்ணிக்கை படிக்குள்ளே யார் முன், யார் பின் என்று தீர்மானிக்கிறதே தவிர, படியைத் தீர்மானிப்பதில்லை. மாற்றலே இல்லாத மத்திய ஊழியர், ஐந்தாம் படியில் நிற்கும் எவரையும்விட முந்தியவர்.

எதற்காக இத்தனை போட்டி என்பதும் தெரிந்ததே. கட்டணம் மாதம் 500 ரூபாய் வளர்ச்சி நிதி. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மாணவர்களுக்கு மட்டும் இன்னும் சில நூறு ரூபாய். மாணவிகளுக்கு அதுவும் இல்லை. இந்தப் பணத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர், விளையாட்டு மைதானம், ஆய்வுக்கூடம், சொல்லிக்கொள்ளும்படியான தேர்ச்சி. அதே தில்லியில் தனியார் பள்ளி கேட்கும் மாதக் கட்டணத்தை விசாரித்துவிட்டு வருபவர்களுக்கு கேந்திரிய வித்யாலயா கற்பக விருட்சமாகத் தோன்றாமல் என்ன செய்யும்?

இந்த மரத்தின் கனியை யார் பறிப்பது என்பதில் அரசியல்வாதிகளுக்கு இருந்த பங்கு சுவாரசியமானது. ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளைப் பரிந்துரைக்கலாம் என்ற விதி இருந்தது. இரு அவைகளையும் சேர்த்து 788 உறுப்பினர்கள். அப்படியானால் 7,880 இடங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் எம்.பி.க்களின் வீட்டு வாசல்கள் திருவிழாவாக இருக்கும். சாலை, பாலம் கேட்டு வருபவர்களைவிட இடம் கேட்டு வருபவர்களைச் சமாளிப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு. 2022 மார்ச்சில் மக்களவையில் காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி இந்தப் பேச்சை எடுத்தார். பத்து போதவில்லை, ஒன்று உயர்த்துங்கள், இல்லையேல் ஒழித்துவிடுங்கள் என்பது அவருடைய வாதம். அடுத்த மாதமே அரசு ஒழித்துவிட்டது. பத்துப் பேருக்கு நல்லவராகி நூறு பேருக்குப் பொல்லாதவராவதிலிருந்து விடுபட்டதில் பல எம்.பி.க்களுக்கு உள்ளூர நிம்மதிதான் ஏற்பட்டிருக்கும்.

அது நல்ல காரியம். ஆனால் அதனால் விடுபட்ட இடங்கள் அக்கம்பக்கத்தாருக்கென்று ஒதுக்கப்படவில்லை. தொகுதி எம்.பி.யின் கடிதத்தோடு வந்த ஏழைப் பிள்ளைகளும் சிலர் உண்டு. சலுகை என்ற குறுக்கு வழி அடைபட்டது. நேர்வழி அகலவில்லை.

நிலத்தின் விஷயத்துக்கு வரலாம். கேந்திரிய வித்யாலயா தானாக எங்கும் முளைப்பதில்லை. மத்திய அமைச்சகமோ மாநில அரசோ யூனியன் பிரதேச நிர்வாகமோ 'எங்கள் ஊரில் திறங்கள்' என்று முன்மொழிய வேண்டும். நிலம் தருகிறோம், கட்டடம் எழும்வரை தற்காலிக இடமும் தருகிறோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். பல ஊர்களின் முன்மொழிவுகள் ஒன்றோடொன்று போட்டியிடும். நிலம் கொடுக்கத் தாமதமாகிப் பள்ளி கைநழுவிப் போன ஊர்களும், அறிவிப்பு வந்தும் வாடகைக் கட்டடத்தில் பல ஆண்டு ஓட்டிய பள்ளிகளும் உண்டு. ஆக, ஊரின் பொது நிலம் போகிறது. அந்த இடத்தில் ஒரு அரசுப் பள்ளியோ மருத்துவமனையோ கட்டியிருக்கலாம். நெரிசல் மிகுந்த வடகிழக்கு தில்லி போன்ற வட்டாரத்தில் சில ஏக்கர் காலி நிலம் என்பது மறுபடி கிடைக்கிற பொருள் அல்ல.

இங்கேதான் விதிப் புத்தகத்தில் ஒரு விசித்திரம். சுரங்கம், மின்நிலையம் போன்ற பொதுத்துறை நகரியங்களிலும் ஐ.ஐ.டி. போன்ற உயர்கல்வி நிறுவன வளாகங்களிலும் நடக்கும் கேந்திரிய வித்யாலயாக்களில் முன்னுரிமை வரிசை வேறு. அங்கே முதல் இடம் பள்ளியைத் தாங்கும் நிறுவனத்தின் ஊழியர் பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கும்கூட. மத்திய அரசு ஊழியர் அவர்களுக்குப் பின்னால்தான். இடம் கொடுத்தவனுக்கு முதல் உரிமை என்ற தத்துவத்தை கேந்திரிய வித்யாலயா சங்கதன் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. நிறுவனம் இடம் கொடுத்தால் நிறுவனத்தாருக்கு முதல் படி. ஊர் இடம் கொடுத்தால் ஊராருக்கு ஐந்தாம் படி.

இதற்கு அதிகாரிகள் தரப்பில் ஒரு பதில் உண்டு. அந்த நிறுவனங்கள் நிலத்தோடு நிற்பதில்லை, பள்ளி நடத்தும் செலவையும் ஏற்கின்றன. மாநிலமோ நிலத்தோடு சரி. கட்டடம், சம்பளம் எல்லாம் மத்திய அரசின் பொறுப்பு. 85 பள்ளிகளுக்கும் கர்நாடகத்தின் சிவமொக்காவில் ஒரு பள்ளியின் விரிவாக்கத்துக்குமாக எட்டு ஆண்டுகளில் 5,872 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த 5,872 கோடியும் வரிப்பணம்தான். கஜூரி காஸ் தையல்காரர் நூல்கண்டு வாங்கும்போது கட்டும் வரியும் அதில் உண்டு. முதல் படி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஐந்தாம் படியில் நின்று மிச்சத்துக்குக் காத்திருக்க வைக்காதீர்கள் என்று கேட்டால் அது அதிகப்படியா?

பொது நிலத்தில் பள்ளி, ஊராருக்குக் கதவடைப்பு என்ற நாடகத்தை தில்லி ஏற்கெனவே ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையம் பல பத்தாண்டுகளாகத் தனியார் பள்ளிகளுக்குச் சலுகை விலையில் நிலம் கொடுத்துவந்தது. நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கால் பங்கு இடம் தர வேண்டும் என்று பல ஒதுக்கீட்டுக் கடிதங்களில் ஒரு நிபந்தனை இருந்தது. பள்ளிகள் நிலத்தை எடுத்துக்கொண்டன, கடிதத்தைக் கோப்பில் வைத்தன. ஆணையமும் கேட்கவில்லை. பொதுநல வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2004இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்த வரிக்கு உயிர் வந்தது. அதே 2004இல் மாடர்ன் ஸ்கூல் வழக்கில் உச்ச நீதிமன்றமும், நில ஒதுக்கீட்டு நிபந்தனைகளைப் பள்ளிகள் நிறைவேற்றுகின்றனவா என்று அரசு பார்த்தாக வேண்டும் என்றது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்து வேலைக்கே போய்விட்டது.

நுழைவு வகுப்புக்கு யாரை எடுப்பது என்ற கேள்வி அதன்பிறகும் தில்லியை விடவில்லை. மூன்று வயதுப் பிள்ளையையும் பெற்றோரையும் உட்கார வைத்து நேர்காணல் செய்யும் கூத்துக்கு எதிராக வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் அப்போதைய சி.பி.எஸ்.இ. தலைவர் அசோக் கங்குலி தலைமையில் குழு அமைத்தது. புள்ளி முறை பிறந்தது. பள்ளிகள் சளைக்கவில்லை. எதற்கெல்லாமோ புள்ளி போட்டன. 2016 ஜனவரியில் தில்லி அரசு 62 அளவுகோல்களை ரத்து செய்தபோதுதான் அந்தப் பட்டியல் சந்தி சிரித்தது. தகப்பனார் புகைபிடிப்பவரா, குடிப்பவரா, குடும்பம் சைவமா என்பதெல்லாம் அதில் இருந்தன. நிர்வாக ஒதுக்கீடும் சேர்ந்து ரத்தானது. ஒரே மாதத்தில், நிர்வாக ஒதுக்கீடு உள்ளிட்ட 11 அளவுகோல்களைப் பொறுத்தவரை அரசாணைக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில், ஆணைய நிலத்தில் நிற்கும் 298 பள்ளிகள் தூரத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. பிப்ரவரி 14ஆம் தேதி அதற்கும் தடை.

தூரம் என்ற அளவுகோல் பார்க்க எளிமையானது. அதன் விளைவு இடத்துக்கு இடம் தலைகீழாக மாறும். தெற்கு தில்லியின் வசதியான குடியிருப்புக்கு நடுவே நிற்கும் பள்ளியில் தூரத்தை வைத்துச் சேர்த்தால், பங்களாக்காரர்களின் பிள்ளைகள்தான் சேர்வார்கள். யமுனைக்கு அப்பால் இருப்பவர் விண்ணப்பிக்கவே வழியில்லை. கஜூரி காஸில் நிற்கும் பள்ளிக்கு அதே விதி நேர் எதிரான பலன் தரும். அங்கே பக்கத்தில் இருப்பவர்களே ஏழைகள். வாடகை ஒப்பந்தத்தைப் போலியாகத் தயாரித்து முகவரி மாற்றும் தொழில் தில்லியில் தழைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தந்திரம் கஜூரி காஸ் பக்கம் பாயுமா என்பது, பள்ளி நல்ல பெயர் எடுக்கும் வேகத்தைப் பொறுத்தது.

'அருகாமை' என்ற சொல்லை வளைத்தவர்கள் வேறு மாநிலங்களிலும் இருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் வசதிக்காகக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில் எழுதியது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு அந்த ஒரு கிலோமீட்டரைத் திருப்பிப் பிடித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி கால் பங்கு இடம் தரத் தேவையில்லை என்றது. மும்பையில் அரசுப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இல்லாத தெரு எத்தனை? மும்பை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ஜூலையில் செல்லாதென்றது. உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் அதை உறுதி செய்தது. கர்நாடகத்தில் இதே மாதிரியான திருத்தம் 2019இல் உயர் நீதிமன்றத்தைத் தாண்டிவிட்டது.

1964-66இல் கோத்தாரிக் கமிஷன் சொன்ன யோசனை இவற்றையெல்லாம்விட எளிது: பொதுப் பள்ளி முறை, அண்டைப் பள்ளி, ஒரு வட்டாரத்தின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில். கேந்திரிய வித்யாலயா சங்கதன் பதிவானதும் அந்தக் கமிஷன் உட்கார்ந்திருந்ததும் ஒரே காலத்தில். ஒன்று தழைத்தது. 1,200க்கும் மேற்பட்ட பள்ளிகள், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், காட்மாண்டு, மாஸ்கோ, டெஹ்ரான் வரை கிளைகள். இன்னொன்று கல்வியியல் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் பாடமாயிற்று.

கமிஷன் கண்ட கனவை ஒரு பள்ளியில் நனவாக்க முடியாது. ஆனால் புதிதாக வரும் பள்ளிகளில் செய்யக்கூடியது இருக்கிறது. ராணுவக் குடியிருப்புக்குள்ளும் நிறுவன வளாகத்திலும் இல்லாமல், பொது நிலத்தில் எழும் கேந்திரிய வித்யாலயாவுக்கென்று தனி வரிசை ஒன்றை எழுதலாம். சட்டம் சொல்லும் கால் பங்கு அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் இன்னொரு கால் பங்கு, வருமான வரம்பு இல்லாமல், நடந்து வரும் தூரத்தில் உள்ளவர்களுக்குக் குலுக்கலில் போகட்டும். மீதிப் பாதி மாற்றலாகி வருபவர்களுக்கு. மாற்றலே இல்லாதவர்கள் அந்தப் பாதியில் கடைசியாக நிற்கட்டும். தொடக்க ஆண்டில் ஐந்து வகுப்புகளுக்கும் இதே விகிதம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஆண்டு முன்னுரிமைப்படி நிரம்பும் மேல் வகுப்புகள் அப்படியே மேலே நகர்ந்துகொண்டிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் பள்ளியின் எல்லா வகுப்புகளுக்கும் பரவப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

இதை எழுதுவதற்குச் சரியான சந்தர்ப்பம் நிலத்தை ஒப்படைக்கும் பத்திரம். பள்ளி திறந்து, முதல் பட்டியலை ஒட்டி, கூட்டம் கூடி, வழக்குப் போட்டு, தடை வாங்கி, தடையை நீக்கி என்று போகும் தில்லிப் பாணியில் இறங்கினால் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். நிலம் மாநிலத்தின் கையில் இருக்கும்வரைதான் மாநிலத்தின் பேச்சு எடுபடும். பள்ளி எங்களால் வந்தது என்று சுவரொட்டி அடிக்கும் கட்சிக்காரர்களிடம் பெற்றோர் கேட்க வேண்டியதும் இந்தப் பத்திரத்தின் நகலைத்தான்.

அதுவரை கஜூரி காஸ் குடும்பங்களுக்கு இருப்பது அந்தக் கால் பங்குக் குலுக்கல். அதற்கும் காகிதம் வேண்டும். முதல் வகுப்பு விண்ணப்பம் பெரும்பாலும் மார்ச் வாக்கில் இணையத்தில் திறந்து சில வாரங்களில் மூடிவிடும். பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து என்றிருந்ததை 2022இல் ஆறாக்கியபோது பெற்றோர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் அல்லது வருமானச் சான்றிதழ், பள்ளியின் வட்டத்துக்குள் வசிப்பதற்கு ஆதாரம். அங்கீகாரம் இல்லாத காலனியில், எழுத்தில் ஒப்பந்தம் கொடுக்காத வீட்டுக்காரரிடம் குடியிருப்பவருக்கு இதில் கடைசியாகச் சொன்ன காகிதம்தான் கிடைக்காது. வருமானச் சான்றிதழ் தரும் வருவாய்த் துறை அலுவலகத்திலும் பிப்ரவரியில் நின்றால் ஏப்ரலில் கிடைக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் தீபாவளி முடிந்ததுமே வரிசையில் நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள்.